வெறுங்கையும் வாளும்
மூன்றாம் ஆண்டு, இளங்கலைக் கணிதம்

பகடை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பாரதத்துச் சூதாட்டமே. நான் ஈண்டு எழுதப் புகுந்த ஆட்டத்திலும் பகடை உண்டு. ஆனால் பந்தயம் இல்லை, நாடிழப்பும் இல்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். எண்ணிய செயல் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை தீர்க்கும். பாத்திரம் முதல் நிலையில் தொடங்கி இருபதாம் நிலை வரை வளரலாம்.

1975இல் வந்த 'பிளாக்மூர்' என்னும் துணைநூலில் 'துறவி' என்ற பாத்திரம் இடம்பெற்றது. சீனத்து ஷாவோலின் மடத்தை நினைவூட்டும் இத்துறவிக்குக் கவசம் கிடையாது. கையும் காலுமே பெரும்படை. 1985இல் வெளிவந்த 'ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ்' என்ற நூலில் 'கென்சாய்' வந்தான். இவனும் கவசம் அணியாதவன்; ஆனால் ஒரே ஓர் ஆயுதத்தில் வாழ்நாளைச் செலவிடுபவன். 2017இல் 'ஸானதார்ஸ் கைடு டு எவ்ரிதிங்' என்ற நூல் இவ்விருவரையும் ஓருடலில் சேர்த்தது. துறவி மூன்றாம் நிலையை எட்டும்போது தேர்ந்துகொள்ளும் வழிகளுள் ஒன்றாகக் 'கென்செய்' வழி அமைந்தது. சீன மடத்தையும் ஜப்பானிய வாளையும் ஒரே பானையில் இட்டது முறையா என்று நம் வரலாற்றுத் துறை நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். என் கேள்வி வேறு: கையையே ஆயுதமாகப் பெற்றவனுக்கு வாள் எதற்கு?

கென்செய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு 'வாட்கலை முனிவர்' எனப் பொருள் கொள்ளலாம். இப்பெயரால் போற்றப்படுவோருள் தலையாயவர் 1645இல் மறைந்த மியாமோட்டோ முசாஷி. 1612இல் நிகழ்ந்த புகழ்பெற்ற தனிப்போரில், துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாளோடு அவர் வென்றார் என்பது வழிவழிச் செய்தி. அவர் ஓவியரும்கூட, காய்ந்த கிளையில் அமர்ந்த கீச்சான் பறவையை மையினால் தீட்டிய அவரது ஓவியம் இன்றும் உள்ளது. ஆட்ட விதி இதை மறக்கவில்லை. கென்செய் வழியில் சேர்பவன், ஆயுதப் பயிற்சியோடு எழுத்தோவியமோ வண்ண ஓவியமோ ஒன்றையும் கற்றவனாகிறான். போரில் இதனால் ஒரு புள்ளிப் பயனும் இல்லை. ஆயினும் விதி முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த வரி இதுவே.

இனி விதியின் உட்பொருளுக்கு வருவோம். கென்செய் முதலில் இரண்டு ஆயுதங்களைத் தேர்வான்: நெருங்கிப் பொர ஒன்று, தொலைவுக்கு ஒன்று. வாள் ஏந்திய கென்செய், தன் தாக்குதற் செயலில் ஓரடியையேனும் வெறுங்கையாலோ காலாலோ அடித்தால், அடுத்த முறை வரும்வரை அவனது காப்பெண் இரண்டு கூடும். அதாவது, வாள் அவனைக் காக்கவேண்டுமானால் அவன் அந்த அடிக்கு வாளைப் பயன்படுத்தக் கூடாது! துறவிகளுக்குரிய கூடுதல் குத்து இதில் சேராது என்பதைப் புதிதாக வாசிப்போர் கவனிக்கவேண்டும்.

இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். பகைவன் பகடையில் 11 அல்லது அதற்குமேல் விழுந்தால் அடி படும் என்க. பத்து முகங்கள் அவனுக்குச் சாதகம். காப்பெண் இரண்டு கூடினால் எட்டாகும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முன்பே 17 வேண்டியிருந்தால் நான்கு முகம் இரண்டாகும்; பாதியே குறைந்துவிட்டது. நன்கு காத்துக்கொள்பவனுக்கே இது மேலும் உதவுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கணக்கிடுவோம். நீள்வாளை இருகையாலும் பிடித்தால் பத்து முகப் பகடை, சராசரி 5.5. துறவியின் கைப்பகடை முதலில் நான்கு முகம். 5ஆம் நிலையில் ஆறு, 11இல் எட்டு, 17இல் பத்து. சராசரி முறையே 2.5, 3.5, 4.5, 5.5. ஆகவே வாளை விட்டுக் கையால் அடிப்பதன் இழப்பு 3, 2, 1, இறுதியில் சுழியம். தொடக்கத்தில் பெரிய தியாகமாக இருந்த தற்காப்பு, முதிர்ந்தபின் இலவசமாகிறது. கை வாளை எட்டிப் பிடித்துவிடுகிறது.

இதற்கு ஒரு குறுக்கீடும் உண்டு. 11ஆம் நிலையில் 'கி' என்னும் உள்ளாற்றலில் மூன்று புள்ளி வரை செலவிட்டு, ஒரு நிமிடத்துக்கு ஆயுதத்தைக் கூர்மையாக்கலாம். அப்போது வாள் மீண்டும் முந்தும். உள்ளாற்றல் தீர்ந்தபின் பழைய கணக்கே.

எங்கள் விடுதியில் சனிக்கிழமைதோறும் ஐவர் ஆடுகிறோம். கென்செய் ஏற்ற நண்பரை, "அண்ணே, இது உருப்படாத பாத்திரம், மாத்திடுங்க" என்று இளையவர்கள் நச்சரித்தனர். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மூன்றாம், நான்காம் நிலைகளில் தாக்குதற் செயலில் ஓரடிதான்; அதைக் கையால் அடித்தால் வாள் வெறும் சுமை. அந்நாட்களில் நெடுவில்லை எடுப்பதே அறிவுடைமை என்பது என் துணிபு. 150 அடிக்கு அப்பால் நின்று எய்யலாம். எய்யும் அம்புக்கு நான்கு முகப் பகடை ஒன்று கூடுதலாகச் சேரும். ஐந்தாம் நிலையில் இரண்டு அடி கிடைத்ததும் வாளால் ஒன்று, காலால் ஒன்று என அடிக்கலாம். இளையவர்கள் கணக்கிட்டது முதலிரு மாத ஆட்டத்தை மட்டுமே.

2024இல் வந்த புதிய கைநூலில் துறவிக்கு நான்கு வழிகள் உள. கென்செய் அவற்றுள் இல்லை. கைப்பகடையும் அதில் ஆறு முகத்திலேயே தொடங்குகிறது. மேசையிலுள்ளோர் இசைந்தால் பழைய வழியைச் சேர்த்து ஆடலாம். நாங்கள் 2014 கணக்கிலேயே நிற்கிறோம். நண்பரின் கென்செய் இப்போது பத்தாம் நிலை. தேர்வு முடிந்து விடுதி திறந்ததும் பதினொன்று.