முதுகில் ஊசி: பயப்பட வேண்டியது எதற்கு?

காலையில் வேலூர் பக்கம் கணியம்பாடி பஸ் ஸ்டாப்பில் ஷூ கம்பெனி வேன் நிற்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வரும் ஒரு அக்கா இருப்பார். உட்கார்ந்தால் புட்டத்தில் கிளம்பி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் கட்டைவிரல் வரை சுரீரென்று இழுக்கும். நாளெல்லாம் மெஷினில் குனிந்து தோல் தைப்பவர்களுக்கும், டேனரியில் தண்ணீரில் ஊறிக் கனத்த தோலைத் தூக்கிப் போடுபவர்களுக்கும் இது பழக்கமான வலி. ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பார்கள். விலகுவதெல்லாம் இல்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டின் ஓரம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, பக்கத்து நரம்பை உரசுகிறது. அந்த இடம் வீங்கிப் புண்படுகிறது.

டாக்டர் “முதுகில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்ட அன்றே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். “சிசேரியனுக்குப் போட்ட ஊசியாலதான் எனக்கு இன்னைக்கும் இடுப்பு வலிக்குது” என்பார் மாமியார். “கால் விளங்காமப் போயிடும்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பிரசவ ஊசிக்கும் வருடக்கணக்கான இடுப்பு வலிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாகாயத்தில் டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் 1966இல் தொடங்கிய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு ஊசியைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே தண்டுவடம் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள். மேரி வர்கீஸே 1954இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தவர்.

பயம் தேவைதான். அதை ஊசியின் மேல் வைக்காமல் யார், எங்கே, எந்த மருந்தை, எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதன் மேல் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆறு வாரம் பொறுங்கள். ஆபத்து அறிகுறி (கீழே சொல்கிறேன்) இல்லாவிட்டால் முதல் மருந்து காலம்தான். பிதுங்கிய கூழைப் பல பேருக்கு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. இரண்டு மூன்று நாள் படுக்கை போதும். பிறகு நடக்க வேண்டும்.

ஊசி எதற்கு என்று கேளுங்கள். தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடுக்கில் ஸ்டீராய்டைச் செலுத்தி நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைத் தணிப்பதுதான் இதன் வேலை. கிழிந்த வட்டை அது ஒட்டாது. காலுக்கு இறங்கும் கடும் வலிக்கு, சில வாரமோ சில மாதமோ நிம்மதி கிடைக்கலாம்; அந்த இடைவெளியில் உடற்பயிற்சியைப் பிடித்துக்கொள்ளலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் புதிதாக வந்த கடுமையான கால் நரம்பு வலிக்குத்தான் இதைச் சொல்கிறது. வெறும் இடுப்பு வலிக்கு என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

அறையையும் மருந்தையும் விசாரியுங்கள். எக்ஸ்ரே திரையில் ஊசிமுனை எங்கே போகிறது என்று காட்டும் சி-ஆர்ம் இருக்க வேண்டும். கொஞ்சம் சாயம் செலுத்தி, ரத்தக்குழாய்க்குள் போகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து போக வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி? தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. துகள் கலந்த ஸ்டீராய்டு அவற்றுக்குள் நுழைந்தால் அடைப்பு ஏற்பட்டுக் கால் செயலிழக்கலாம். 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது இதைத்தான்: அபூர்வம், ஆனால் பக்கவாதம், பார்வையிழப்பு, மரணம்வரை போகலாம். அதனால் நரம்பு வெளியேறும் துளை வழியே போடும்போது, துகள் இல்லாத டெக்ஸாமெதசோனைப் பல டாக்டர்கள் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். “எந்த மருந்து சார்?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். குப்பி சீலோடு இருந்து உங்கள் முன்னால் உடைபட்டால் இன்னும் நல்லது. 2012இல் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்று கலந்து கொடுத்த ஸ்டீராய்டில் பூஞ்சை இருந்தது. 20 மாநிலங்களில் 753 பேர் பாதிக்கப்பட்டு, 64 பேர் இறந்தார்கள். ஊசி போட்ட கைகளில் தவறில்லை, குப்பிதான் கெட்டிருந்தது.

எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுபோங்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போல ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அந்த இடுக்கில் ரத்தம் கட்டி நரம்பை நெரிக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. இதய டாக்டரும் ஊசி போடுபவரும் பேசி முடிவெடுக்கட்டும். கர்ப்பமா என்ற சந்தேகம், சாய ஒவ்வாமை, உடம்பில் ஏதாவது சீழ்க்கட்டி, காய்ச்சல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் ஊசிக்குப் பின் சில நாட்கள் தினமும் சோதித்துப் பாருங்கள். திடீரென்று ஏறும், டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் பதற வேண்டாம்.

துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம். அன்றைக்கு டூ-வீலர் ஓட்டக்கூடாது.

செய்யக்கூடாதவை

இந்த அறிகுறிகளோடு ஊசிக்குக் காத்திருக்காதீர்கள்: சிறுநீர் வராமல் முட்டுவது அல்லது தெரியாமல் போவது, மலத்தை அடக்க முடியாதது, சைக்கிள் சீட் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவானாலும் சரி, “காலையில பாத்துக்கலாம்” என்பது இங்கே செல்லாது.

எல்லா ஊசியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கிளினிக்கில் இடுப்பில் போட்டுவிடும் ஊசி வேறு, இது வேறு. ஆனால் அங்கே வலிக்கு வாரம் ஒன்று போட்டுக்கொண்ட ஊசியில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். எல்லாம் ஒரே கணக்கில் சேரும். பழைய சீட்டைக் காட்டுங்கள்.

மூன்று ஊசி பேக்கேஜ் வாங்காதீர்கள். முதல் ஊசி உதவியதா என்று பார்த்துத்தான் இரண்டாவது. ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அளவு மீறினால் எலும்பு தேயும், உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பது குறையும்.

எம்ஆர்ஐ படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்தப் படத்தில் பிதுக்கம் தெரியும்.

சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்த்து, முதுகில் ஏறி மிதித்து ‘நெட்டி’ முறிப்பது வேண்டாம். புத்தூர் கட்டு இதற்கான வைத்தியம் அல்ல.

ஊசிக்குப் பின் வரும் தலைவலியை அலட்சியப்படுத்தாதீர்கள். எழுந்தால் வலித்து, படுத்தால் குறைந்தால் உறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். சரி செய்ய வழி உண்டு. காய்ச்சல், கழுத்து விறைப்பு, கூடிக்கொண்டே போகும் முதுகு வலி, புதிதாகக் கால் தளர்வது என்றால் உடனே திரும்பிப் போங்கள்.

வலி நின்றதும் தோல் கட்டைத் தூக்காதீர்கள். ஊசி வலியை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். மாதச் சம்பளம் ரூ.21,000க்குள் வாங்கி ஈஎஸ்ஐ பிடித்தமும் உள்ளவருக்கு, சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீத ஊதியத்தோடு நோய் விடுப்பு உண்டு. டிஸ்பென்சரி சான்றிதழ் கேளுங்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பகுதியை வீட்டில் தரையில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்களுக்குத்தான் இது எட்டாது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, லீவு என்று எதுவும் இல்லை. அவர்களுக்குச் சொல்ல முடிந்தது இது மட்டும்: திண்ணையிலோ நாற்காலியிலோ உட்காருங்கள், துண்டை மடித்து இடுப்புக்குப் பின்னால் வையுங்கள், நாலு ஜோடிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்து தையுங்கள்.