மாடுகளின் வயிற்றுப் புளிப்பும் கழிச்சலும்

அறுவடைக் காலத்திலும், பொங்கல், கலியாணம் முதலிய விசேஷ நாட்களிலும் நல்ல மாடொன்று திடீரெனத் தீனி மறுத்து, நீராய்க் கழிந்து, இரண்டொரு நாளில் மடிவதுண்டு. கண்ணேறு என்றும் விஷக்கடி என்றும் சிலர் கருதுவர். விசாரித்தால், அம்மாடு களத்துத் தானியத்தையோ மிஞ்சிய சோற்றையோ அளவின்றித் தின்றது வெளிப்படும்.

காரணம்.— மாட்டின் வயிறு நான்கு அறைகளுடையது. அவற்றுள் முதலாவதும் பெரியதுமான அறையில் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்ந்து, புல்லையும் வைக்கோலையும் மெள்ளப் புளிக்கச்செய்து ஜீரணிக்கின்றன. மாடு அசைபோடுகையில் உமிழ்நீர் மிகுதியாக ஊறுகிறது. நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேற்படும் இந்நீரிலுள்ள சோடா உப்பு, புளிப்பை மட்டுப்படுத்துகிறது. சோறும் தானியமுமோ விரைவிற் புளிப்பவை, அசைபோடுதலையும் குறைப்பவை. ஆகவே தயிரிலுள்ள லாக்டிக் அமிலமே வயிற்றில் அளவு கடந்து பெருகுகிறது, நற்கிருமிகள் மடிகின்றன. புளித்த வயிறு உடலின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. மாடு வெளியே நீராய்க் கழிய, உள்ளே இரத்தம் வறள்கிறது. ஆதலின் இங்குக் கழிச்சல் நோயின் குறியேயன்றி நோயன்று. அதை மட்டும் கட்டும் மருந்தால் பயனில்லை.

குறிகள்.— இடப்பக்க வயிறு புடைத்தல், அசை நிற்றல், பற்கடித்தல், தள்ளாடுதல், கண் குழிதல், புளித்த வாடையுள்ள நீர்த்த சாணத்தில் ஜீரணியாத தானியம் காணுதல். படுத்த மாடு எழாவிடில் அபாயம் மிகுதி. பிழைத்த மாடு குளம்பு நோவால் நொண்டுவதுமுண்டு.

சிகிச்சை.— தானியத்தை அறவே நிறுத்தி, வைக்கோல் மட்டும் போடுக. தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வருமளவும், நின்று நன்றாக விழுங்கக்கூடிய பெரிய மாட்டுக்கு 100 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் நீரிற் கரைத்துச் சிறுகச்சிறுகப் புகட்டலாம். நாக்கை இழுத்துப் பிடித்தும், படுத்த மாட்டுக்கும் புகட்டலாகாது. மருந்து நுரையீரலிற் புகும். கஞ்சியும் வெல்லமும் புளிப்பையே வளர்க்கும்.

தடுக்கும் வழி.— களத்தருகே மாடுகளை அவிழ்த்துவிடலாகாது. தானியக் குவியலை இரவில் காவலின்றி விடலாகாது. தானியத் தீனியைப் புதிதாகத் தொடங்குவோர் 2 அல்லது 3 வாரங்களிற் படிப்படியாக உயர்த்துக. மாட்டுப் பொங்கலன்று ஒரு பிடி பொங்கலே போதும். விசேஷங்களில் மிஞ்சிய சோற்றைத் தெருவிற் கொட்டாது குழியிற் புதைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் கவனித்தல் நலம். வீணாகும் ஒரு கூடைச் சோறு, ஒரு குடும்பத்தின் கறவை மாட்டைக் கொண்டுபோகப் போதுமானது.