பின்சுவரில் பிளக் இருக்கிறதா?

ஹோம் தியேட்டர் பற்றிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், ஒயர்லெஸ் சரவுண்ட் ஸ்பீக்கர் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், பின்னால் வைக்கிற இரண்டிலும் கரண்ட் ஒயர் தொங்குகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், சின்னசேலம்

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. காற்றில் வருவது வசனமும் பாட்டும் மட்டும்தான். ஸ்பீக்கரை அதிரவைக்கிற கரண்ட் சுவரிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது; அதற்குத்தான் அந்த ஒயர். இன்னொரு வகையும் உண்டு: சோபாவுக்குப் பின்னால் ஒரு ரிசீவர் பெட்டி, அதற்கு மட்டும் கரண்ட், அதிலிருந்து இடத்துக்கும் வலத்துக்கும் சாதா ஸ்பீக்கர் ஒயர் ஓடும். பேட்டரியில் பாடும் மாடல்களும் வந்துவிட்டன. ஆனால் சார்ஜ் போட மறந்த நாளில் பாதிப் படத்தில் பின்பக்கம் ஊமையாகிவிடும்.

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் ஹாலின் பின்சுவரைப் பார்த்திருக்க வேண்டும். சரி, போகட்டும். நடு ஹாலில் பாய்க்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயரை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். மிதிபட்டு மிதிபட்டு உள்ளே செம்பு நைந்து சூடேறும். சுவரோரமாக பி.வி.சி. பட்டி அடித்து, எர்த்தோடு 5 ஆம்பியர் பாயின்ட் இரண்டு எடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

கேள்வி: வீட்டில் இரண்டு புளூடூத் ஸ்பீக்கர் சும்மா கிடக்கிறது. அதையே சரவுண்டாகப் பின்னால் வைக்கலாமா?
– கல்லூரி மாணவர், திருக்கோவிலூர்

பதில்: வேண்டாம் தம்பி. சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வரும். 200 மில்லிசெகண்டில் ஒலி ஏறக்குறைய 68 மீட்டர் போய்விடும். அப்படியானால் உன் பின் ஸ்பீக்கர் தெருக்கோடியில் இருப்பதற்குச் சமம். செட்டோடு சேர்ந்து வரும் ஒயர்லெஸ்ஸில் தாமதம் மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் சவுண்ட்பார் கணக்கில் எடுத்து முன்பக்க ஒலியைச் சரிசெய்துகொள்ளும்.

கேள்வி: பி.எம்.பி.ஓ. 10,000 வாட்ஸ் என்று போட்டிருக்கும் செட் நல்லதா?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதம் பூச்சு வேலை. ஒயர்லெஸ் செட்தான் வாங்கப்போகிறீர்கள், ஸ்பீக்கருக்குத் தனியாகப் பைப் எதற்கு, வீண் செலவு என்கிறார் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வது சரிதானே?
– வாசகர், தியாகதுருகம்

பதில்: சரியில்லை. பூச்சுக்கு ஆள் வருவதற்குள் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறோம். கிரானைட் எந்தக் கலர் என்று முடிவு செய்ய நாலு கடை ஏறி இறங்குகிறோம். சுவர் திறந்து கிடக்கிற அந்தச் சில நாட்களில் நாலு பைப்பைப் போட்டு மூடுங்கள் என்றால், ‘இப்போது எல்லாமே ஒயர்லெஸ்தானே’ என்கிறார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து பெயின்ட் காய்ந்ததும், ‘ஒயர் வெளியே தெரியாமல் ஏதாவது செய்ய முடியுமா சார்’ என்று கேட்கிறார்கள். மறுபடி காடி வெட்டாமல் முடியாது.

கட்டி முடித்த வீட்டுக்கும், ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லாத வாடகை வீட்டுக்கும் ஒயர்லெஸ் நல்ல ஏற்பாடு. அங்கே நானே அதைத்தான் சிபாரிசு செய்கிறேன். ஆனால் ஒயர்லெஸ் பின் ஸ்பீக்கர் பெரும்பாலும் தன் கம்பெனியின் சவுண்ட்பாரோடு மட்டும்தான் சேரும். அதிலும் குறிப்பிட்ட மாடல்களோடுதான். சில வருடம் கழித்து பார் பழுதாகி, அந்த மாடலே நின்றுபோயிருந்தால், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பின் ஸ்பீக்கர் இரண்டும் பரணுக்குத்தான் போகும். இரண்டு முனையில் ஒயர் மாட்டும் சாதா ஸ்பீக்கருக்கு அந்தக் கதி கிடையாது. எண்பதுகளில் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டியை இன்றைக்கு வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டலாம், பாடும். செம்பு ஒயர் பழைய மாடல் ஆவதில்லை, பக்கத்து வீட்டு வை-ஃபையால் திணறுவதும் இல்லை. சுவருக்குள் பைப் இருந்தால் நாளைக்கு எது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். பைப் இல்லையென்றால் கடைக்காரர் கொடுக்கிறதுதான் உங்களுக்கு.

எலக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள். டி.வி. சுவரிலிருந்து சோபாவுக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, சப் வூஃபர் நிற்கப்போகிற மூலைக்கு ஒன்று என 25 எம்.எம். பைப். டி.வி.க்குப் பின்னாலிருந்து கீழே அலமாரிக்கு வருவது மட்டும் 40 எம்.எம். இருக்கட்டும், எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை நுழைய வேண்டுமே. கரண்ட் பைப்போடு ஒரே காடியில் இதைப் படுக்கவைக்கக் கூடாது. ஓரடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். சின்ன எல்போ வேண்டாம், நீள பெண்டு போடுங்கள். ஒரு ஓட்டத்தில் இரண்டு திருப்பத்துக்கு மேல் இருந்தால் பிறகு ஒயர் இழுக்கும்போது உயிர் போகும். பைப்புக்குள் நைலான் கயிறு ஒன்றைப் போட்டு இரண்டு முனையிலும் முடிந்துவிட்டு, கலவை உள்ளே போகாமல் வாயை அடைக்கச் சொல்லுங்கள். பூச்சுக்கு முந்தின நாள், இஞ்ச் டேப்பைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு பைப்பையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

ஹால் அளவு தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் போதும். அதோடு, பின்சுவரில் ஒரு பிளக் பாயின்டும் வையுங்கள். நீங்கள் ஒயர்லெஸ்ஸே வாங்கினாலும் அது வேண்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மகன் 5.1 செட் வாங்கி மாட்டினான். அன்றிலிருந்து அவருக்கு சீரியலில் பேசுவது புரியவில்லை, பின்னணி இசை மட்டும் காதைப் பிளக்கிறது. பழைய டி.வி. சத்தமே தேவலாம் என்கிறார். செட்டில் கோளாறா?
– வாசகி, சங்கராபுரம்

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, செட்டில் கோளாறு இருக்காது. கேபிள் செட்டாப் பாக்ஸில் வரும் சீரியல் பெரும்பாலும் ஸ்டீரியோதான். அதை ‘சரவுண்ட்’ அல்லது ‘மூவி’ என்ற மோடில் போட்டால், செட் அதை இழுத்து ஐந்து பெட்டிக்கும் பரப்பும், பேச்சு கரைந்துபோகும். ரிமோட்டில் ‘நியூஸ்’, ‘வாய்ஸ்’, ‘டயலாக்’ என்று ஏதாவது ஒரு பட்டன் இருக்கும். சீரியல் நேரத்தில் அதைப் போடுங்கள். சப் வூஃபர் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

அடுத்தது, நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர். படத்தில் மனிதர்கள் பேசுவது பெரும்பாலும் அது ஒன்றில்தான் வருகிறது. நம் வீடுகளில் அதை ஷோகேஸின் ஆழத்தில், கொலு பொம்மைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறோம். அதை வெளியே எடுத்து, பலகையின் முன்விளிம்பு வரை நகர்த்தி, முகம் கொஞ்சம் மேலே, உட்காருகிறவர் காதைப் பார்த்தபடி வையுங்கள். அளவை இரண்டு மூன்று புள்ளி கூட்டுங்கள். ஓ.டி.டி.யில் படம் பார்க்கும்போது ‘நைட் மோட்’ போட்டால் வெடிச்சத்தம் அடங்கி வசனம் மேலே வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியவில்லை என்றால், அவரைக் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வயதாக ஆக முதலில் மங்குவது மெல்லிய ச, த, க ஒலிகள்தான். ‘சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை’ என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். அவர்களை யாரும் கோபிக்காதீர்கள்.

கேள்வி: தமிழ்ப் படத்துக்கு சரவுண்ட் தேவைதானா? இங்கிலீஷ் படத்துக்குத்தானே அதெல்லாம்?
– வாசகர், மூங்கில்துறைப்பட்டு

பதில்: 1995-லேயே ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்துவிட்டது. 2012-ல் ‘சிவாஜி’யின் 3டி பதிப்பு அட்மாஸில் வந்தது. நம் ஒலிப்பதிவாளர்கள் மழையையும் கூட்டத்தையும் கோயில் மணியையும் அந்தந்தத் திசையில் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். அதைக் கேட்காமல் விடுவது அவர்கள் உழைப்பை வீணாக்குவது. ஆனால் பழைய பாட்டுகளைக் கேட்கும்போது ஸ்டீரியோவுக்கே மாற்றிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வீணை, வலப்பக்கம் வயலின் என்று அமைத்த பாட்டை ஐந்து பெட்டியிலும் ஊற்றினால் அந்த அமைப்பே அழிந்துபோகும்.

கேள்வி: எங்கள் வீடு தகர ஷீட் கூரை. சப் வூஃபரைப் போட்டால் கூரை கிடுகிடுவென்று அடிக்கிறது. இடி மழை நாளில் போடலாமா? போன வருடம் மின்னலில் பக்கத்து வீட்டு டி.வி. போய்விட்டது.
– வாசகர், வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போடவே கூடாது. இடிச்சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஸ்பைக் கார்டு மின்னலைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். லைனில் வரும் சின்னச் சின்ன எழுச்சிக்குத்தான் அது. மலையில் பலர் மறப்பது டிஷ் ஆண்டெனா ஒயரை. கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். கூரை மேல் நிற்கிற டிஷ்ஷிலிருந்து அந்த ஒயர் நேராக செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி.க்கும் சவுண்ட்பாருக்கும் வழி காட்டிவிடும். அதையும் கழற்றுங்கள். ஒயர்லெஸ் பின் ஸ்பீக்கருக்கும் தனித்தனி பிளக் இருக்கிறது, அதுவும் சேர்த்தி. பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி கூரை. ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளில் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். ரப்பர் வாஷர் மாற்றி முறுக்கினாலே பாதிச் சத்தம் நின்றுவிடும். சப் வூஃபரை மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் இழுத்து, கனமான ரப்பர் மேட் மேல் வையுங்கள். மூலையில் வைத்தால் அடிச்சத்தம் பெருகும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். முடிந்தால் ஷீட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டுங்கள். வெயில் குறையும், அறைக்குள் எதிரொலியும் குறையும், பேச்சு தெளியும். பெருமழையில் மட்டும் எந்த ஸ்பீக்கரும் தகரத்தை ஜெயிக்காது. மழை விடட்டும்.

கேள்வி: ஹால் 10-க்கு 14. சோபா பின்சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறது. பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: தலைக்கு நேர் பின்னால் வைக்கவேண்டியதே இல்லை. 5.1 செட்டில் அவற்றின் இடம், நீங்கள் டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு தோளுக்கும் பக்கத்தில், சற்றே பின்தள்ளி. கணக்கில் சொன்னால் 110 டிகிரி. உங்கள் ஹாலில் பக்கச் சுவர்களில், காதுக்கு ஓரடி இரண்டடி மேலே மாட்டுங்கள். ஒரு பக்கம் வாசல் வந்து ஸ்பீக்கர் தள்ளிப்போனால் மெனுவில் தூரத்தை அளந்து போடுங்கள். டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

கேள்வி: பின் ஸ்பீக்கர் ஒன்று மட்டும் அடிக்கடி விட்டு விட்டுப் பாடுகிறது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்.
– வாசகி, உளுந்தூர்பேட்டை

பதில்: அந்த ஸ்பீக்கருக்கும் டி.வி.க்கும் நடுவே இரும்பு பீரோ நிற்கிறதா? அதை நகர்த்துங்கள். வை-ஃபை ரவுட்டர் சவுண்ட்பாரின் தலைமேல் இருந்தால் அதையும் நாலடி தள்ளிவையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மரச்சிற்பக்காரரிடம் சொல்லி, ஸ்பீக்கர் வெளியே தெரியாமல் செதுக்கு வேலையோடு பெட்டி செய்ய ஆசை. ஒலி கெடுமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது, ஹாலில் இருக்க எல்லாத் தகுதியும் உண்டு. ஆனால் ஸ்பீக்கரின் வாய்க்கு எதிரே கனமான மரம் வரக் கூடாது. அந்த இடத்தில் கண் பெரிதாக விட்ட ஜாலி வேலையாகச் செதுக்கச் சொல்லி, உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டுங்கள். ஊதிப் பார்த்தால் காற்று தடையில்லாமல் போகிற துணியாக இருக்கட்டும். முதுகுப்பக்கம் திறந்தே இருக்கவேண்டும், சூடு வெளியேற. உள்ளே தகடு, கம்பி வலை எதுவும் வேண்டாம். ஒயர்லெஸ் சிக்னல் மரத்தைத் தாண்டும், தகட்டைத் தாண்டாது. சப் வூஃபரை மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்காதீர்கள்.

கேள்வி: மேல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ராத்திரி படம் பார்த்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.
– வாசகர், சின்னசேலம்

பதில்: அவர் பக்கம்தான் நியாயம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகள் சொல்வது. அடிச்சத்தம் தளத்தின் வழியாகவே இறங்கும். பத்து மணிக்கு மேல் சப் வூஃபரை அணையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மச்சான் சவுண்ட்பார் செட் கொண்டுவந்தார். பிளக் பின்னை மட்டும் மாற்றிப் போட்டால் போதுமா?
– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: செருகாதீர்கள். பார், சப் வூஃபர், பின் ஸ்பீக்கர் இரண்டு என்று ஒவ்வொன்றையும் திருப்பி லேபிளைப் படியுங்கள். ‘100-240 வோல்ட்’ என்று இருந்தால் பிளக் பின்னை மாற்றினால் போதும். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஒரே பெட்டியில் வந்த செட்டிலேயே பார் ஒரு மாதிரியும் சப் வூஃபர் வேறு மாதிரியும் இருப்பதுண்டு. நான்கு லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வாட்ஸ் வேண்டும் என்று எழுதுகிறேன்.