யார் இந்த ஹெர்ட்ஸ்?

கம்ப்யூட்டர் வாங்கும்பொழுது பிராசசர் 3 கிகா ஹெர்ட்ஸ், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்று விலைப்பட்டியலில் போட்டிருப்பார்கள். இந்த ஹெர்ட்ஸ் ஒரு மனிதரின் குடும்பப் பெயர். மின்காந்த அலைகள் உண்மையில் இருப்பதை 1880-களின் இறுதியில் சோதனை மூலம் காட்டியவர் ஜெர்மனி விஞ்ஞானி ஹென்ரிச் ஹெர்ட்ஸ். 1894-ல் இறந்தபொழுது அவருக்கு வயது 36தான்.

முன்பெல்லாம் அலைகளை ‘விநாடிக்கு இத்தனை சைக்கிள்’ என்றுதான் சொல்வார்கள். பழைய ரேடியோக்களின் டயலில் கிலோ சைக்கிள் என்றிருக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1930-களில் அதற்கு ஹெர்ட்ஸ் என்று பெயரிட்டது. 1960-ல் அளவைகளுக்கான உலக மாநாடும் அதை ஏற்றது. பெயர்தான் மாறியது, அளவு அதேதான். ஆளின் பெயர் என்பதால் ஆங்கிலக் குறியீட்டில் ஹெச் மட்டும் பெரிய எழுத்து.

3 கிகா ஹெர்ட்ஸ் என்றால் பிராசசரின் கிளாக் விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியும் என்பதை இந்த எண் சொல்லாது. 2002-ல் வந்த 3.06 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ, அதைவிடக் குறைந்த கிகா ஹெர்ட்ஸ் கொண்ட இன்றைய பிராசசர் சுலபமாக முந்திவிடும். எனவே கடைக்காரர் கிகா ஹெர்ட்ஸை மட்டும் சொன்னால், எந்தத் தலைமுறை, எத்தனை கோர் என்றும் கேளுங்கள்.