உலாவி நீட்சிகளும் திறமூல மென்பொருள்களும்: நம்பகம் தேரும் முறை

உலாவி நீட்சி என்பது குரோம், ஃபயர்பாக்ஸ் முதலிய உலாவிகளுக்குள் இருந்து இயங்கும் சிறு நிரல். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அதே உலாவியில் திறக்கப்படுவதால், நட்சத்திர மதிப்பீட்டையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து ஒரு நீட்சியை நிறுவுவது போதிய ஆய்வாகாது.

முதலில் படிக்க வேண்டியது, நிறுவும்போது உலாவி காட்டும் அனுமதிப் பட்டியல். எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் இசைவு கேட்கும் நீட்சி, பயனர் திறக்கும் பக்கங்களின் உள்ளடக்கத்தையும் அங்கே தட்டச்சிடும் கடவுச்சொல்லையும் காணவல்லது. யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பானுக்கு இவ்வனுமதி தேவைப்படுகிறது என்பதால், இதைக் கேட்பதே குற்றமாகாது. ஆனால் வானிலை காட்டும் நீட்சியொன்று இதையே கேட்குமாயின் அதை நிறுவாதிருப்பதே முறை. ஐயம் நீங்காதபோது, குரோமில் நீட்சியின் விவரப் பக்கத்திற்குச் சென்று, அதன் படத்தைச் சொடுக்கும்போது மட்டும் இயங்குமாறு அணுகலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, அந்நீட்சி இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பயன்படாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய 'தி கிரேட் சஸ்பெண்டர்' ஏறத்தாழ 20 லட்சம் பயனர்களைப் பெற்றிருந்த திறமூல நீட்சி. அதாவது, அதன் மூலநிரல் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருந்தது. 2020இல் அதை உருவாக்கியவர் பிறருக்கு விற்றார். அதன்பின் வந்த பதிப்பில் வெளியிலிருந்து நிரல் வரிகளைத் தருவித்து இயக்கும் பகுதி நுழைந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. உரிமை கைமாறியதை உலாவி பயனருக்கு அறிவிப்பதில்லை என்பதே இதில் பெருங்குறை. புதுப்பிப்பு புதிய அனுமதி கேட்டால் மட்டுமே எச்சரிக்கை தோன்றும். பழைய அனுமதியே விரிந்ததாக இருந்தால் அதற்கும் இடமில்லை.

மூன்றாவதாக, காட்டப்படும் மூலநிரலும் நிறுவப்படும் மென்பொருளும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் திறமூலக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் மறைவாக நுழைய உதவும் பின்கதவு ஒன்று இருந்தது. அதைத் தூண்டிவிடும் வரிகள் மூலநிரல் வைக்கப்படும் பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், விநியோகிக்கப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தன. அதை வைத்தவர், ஈராண்டுக்கு மேல் நற்பங்களிப்புச் செய்து பராமரிப்புப் பொறுப்பையே பெற்றுவிட்ட, புனைபெயரில் இயங்கிய ஒருவர். தொலைக்கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் 2024 மார்ச் 29இல் இதை வெளிப்படுத்தினார். நிரல் திறந்திருந்தும் அது பல வாரம் எவர் கண்ணிலும் படவில்லை. எனினும் பிடிபட்ட பின் முழுமையாக ஆராய முடிந்ததும் அது திறந்திருந்ததால்தான்.

நிரல் படிக்கத் தெரியாதவரும் சிலவற்றைச் சோதிக்கலாம்: கடைசி மாற்றம் எப்போது நிகழ்ந்தது, பராமரிப்பாளர் ஒருவரா பலரா, பிழை முறையீடுகளுக்கு மறுமொழி வருகிறதா என்பன களஞ்சியப் பக்கத்திலேயே தெரியும். மூலநிரலிலிருந்து தானே பொதி உருவாக்கித் தரும் எஃப்-டிராய்டு என்னும் ஆண்ட்ராய்டு செயலித் தொகுப்பு, நிதானமாகப் புதுப்பிக்கப்படும் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தின் நிலைப் பதிப்பு ஆகிய வழிகள் முன்பின் அறியாத தளத்திலிருந்து பதிவிறக்குவதினும் மேலானவை. எக்ஸ்இசட்டின் பின்கதவு அந்நிலைப் பதிப்பை எட்டவில்லை.

நிறுவியபின் சில மாதங்களுக்கொருமுறை நீட்சிப் பட்டியலைத் திறந்து, பயன்பாட்டில் இல்லாதவற்றை முடக்கி வைக்காமல் அடியோடு நீக்கிவிட வேண்டும்.