புறக்கட்டளைகளை ஏவும் முறை

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் மாணாக்கர் தொடக்கத்தில் எல்லாவற்றையும் தம் நிரலுக்குள்ளேயே செய்து முடிக்க முயல்வர். சில திங்கள் சென்றபின் அம்முயற்சி பெரும்பாலும் வீண் உழைப்பு என்பது அவர்க்குத் தாமே புலனாகும். கோப்புக்களைச் சுருக்கிக் கட்டுதற்கும், படங்களின் அளவை மாற்றுதற்கும், அஞ்சல் விடுத்தற்கும் தேர்ந்த கருவிகள் இயங்குதளத்திலே முன்னரே அமைந்துள்ளன. அவற்றைத் தம் நிரலிலிருந்தே அழைத்து வேலை வாங்கிக் கொள்ளலாம். இங்ஙனம் ஒரு நிரல் தனக்குப் புறத்தேயுள்ள மற்றொன்றை ஏவுதல் பற்றியதே இக்கட்டுரை. ஏவுதல் எளிது, ஒரே வரியில் முடிவது. அவ்வொரு வரிக்குள் நிகழ்வது யாது என்று அறியாமலே எழுதியவருள் யானும் ஒருவன். அதனால் விளைந்த கேட்டை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

பல ஆண்டுகட்கு முன்னர், மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைக் காத்துவைக்கும் பொறுப்பு ஓரிடத்தில் என்னிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. பாடத்திற்கு ஒன்றாகக் கோப்புறைகள் இருந்தன. பழைய நகல்கள் இடத்தை அடைத்துக் கிடந்தமையால், வேண்டாதவற்றை இரவுதோறும் நீக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். நீக்க வேண்டிய கோப்புறைகளின் பெயர்களை ஒரு பட்டியலிலிருந்து படித்து, 'ஆர்எம்' என்னும் நீக்கற் கட்டளையின் பின்னே ஒட்டி, அவ்வாக்கியத்தை அப்படியே ஷெல்லிடம் கொடுப்பதே அதன் தொழில். இடையில் ஒன்றும் கேளாமல் நீக்குக என்னும் குறியையும் சேர்த்திருந்தேன். நான்கு திங்கள் குற்றமின்றி ஓடிற்று. ஒரு நாள் நண்பர் ஒருவர் 'வரலாறு நகல்' எனப் பெயரிட்ட கோப்புறையைப் பட்டியலிற் சேர்த்தார். மறுநாட் காலையில் 'வரலாறு' என்னும் மூலக் கோப்புறையைக் காணவில்லை; 'வரலாறு நகல்' மட்டும் பழுதின்றி இருந்தது! அந்நகலோ ஒரு திங்களுக்கு முந்தியது. இடைப்பட்ட நாட்களில் 11 மாணவர் சேர்த்திருந்த பக்கங்கள் ஒழிந்தன. அவருட் சிலர் தம் கையெழுத்துப் படியைக் கொண்டு மீண்டும் எழுதினர். இருவரிடம் அதுவும் இல்லை. அவ்விருவரை நோக்கி யான் கூறத்தக்க மறுமொழி ஒன்றும் இருக்கவில்லை.

நிகழ்ந்தது யாது? ஷெல் என்பது பயனர் தட்டும் வாக்கியத்தை வாங்கி, அதன் பொருளைத் தானே தெரிந்து, உரிய நிரலை இயக்குவது. பழங்காலத்து வணிகர் அமர்த்திக் கொண்ட துபாஷியை ஒத்தது எனலாம். துபாஷி சொற்களைக் கூட்டியும் பிரித்தும் பொருள் கொள்வான், ஷெல்லும் அவ்வாறே. இடைவெளி கண்டவிடத்துச் சொல்லைப் பிரிக்கும். உடுக்குறி கண்டால் அவ்விடத்துள்ள கோப்புப் பெயர்கள் அனைத்தையும் அதற்கு ஈடாக வைக்கும். அரைப்புள்ளி கண்டால் ஒரு கட்டளை முடிந்து மற்றொன்று தொடங்கிற்று என்று கொள்ளும். நன்னூல் கற்றவர் பொதுமொழியை அறிவர். 'வேங்கை' என்பது பிரியாது நின்று மரத்தை உணர்த்தும். 'வேம் கை' எனப் பிரிந்து வேகின்ற கையையும் உணர்த்தும். கேட்பவன் பிரிக்கும் வகையிலன்றோ பொருள் அமைகின்றது! யான் 'வரலாறு நகல்' என ஒரு பெயராக நினைத்தேன். ஷெல் அதனை இரண்டு பெயராகப் பிரித்தது. முதற்பெயருக்கு உரியது இருந்தது, அழிந்தது. 'நகல்' என்று தனியே ஒன்றும் இல்லாமையாலும், கேளாமல் நீக்கும் குறி இருந்தமையாலும், அதுபற்றிய முறையீடும் எழவில்லை.

என் நேர்ச்சியிலாவது தீய எண்ணம் ஒருவர்க்கும் இல்லை. அப்பெயர் முன்பின் அறியாதவர் நிரப்பும் படிவத்திலிருந்து வருவதாயின், பெயருக்குப் பின் ஓர் அரைப்புள்ளி இட்டு, அதன் பின் தாம் விரும்பிய கட்டளையையே ஒருவர் எழுதிவிடலாம். ஷெல் இரண்டையும் ஒரே கீழ்ப்படிதலோடு செய்து முடிக்கும்.

இதற்கு மாற்று புதிதன்று. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஒரு நிரல் மற்றொன்றை ஏவுதற்கு ஷெல் வேண்டுவதே இல்லை. 'ஃபோர்க்' என்னும் அழைப்பால் நிரல் தன்னைப்போல் மற்றொன்றைத் தோற்றுவிக்கும். தோன்றிய அது 'எக்ஸெக்' என்னும் அழைப்பால் வேண்டிய நிரலாகத் தன்னை மாற்றிக் கொள்ளும். எக்ஸெக்கிற்கு நாம் கொடுப்பது வாக்கியமன்று. இது முதற்சொல், இது இரண்டாஞ்சொல் எனத் தனித்தனியே நிறுத்திய சொற்பட்டியல். அங்கே பிரிப்பார் ஒருவரும் இலர். 'வரலாறு நகல்' ஒரே சொல்லாகவே போய்ச் சேரும். அரைப்புள்ளியும் வெறும் எழுத்தாகவே நிற்கும். சி மொழியின் 'சிஸ்டம்' என்னும் செயற்கூறோ வாக்கியத்தை வாங்கி ஷெல்லிடமே ஒப்புவிப்பது. பைதான் மொழியில் 2004-இல் வெளிவந்த 2.4-ஆம் பதிப்பு முதல் 'சப்பிராசஸ்' என்னும் தொகுதி உண்டு. அதற்குப் பட்டியலாகக் கொடுப்பின் ஷெல் இடையில் வாராது. ஷெல் வேண்டும் என்று நாமே குறித்தால் மட்டும் வரும். அக்குறிப்பைச் சோம்பலால் இடுபவரே மிகுதி.

"தீய குறிகளை முன்னரே களைந்துவிட்டால் ஷெல்லிடம் கொடுப்பதில் என்ன பிழை?" என்று கூர்மையான மாணாக்கர் வினவக்கூடும். இதற்கு விடையாக 1996-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உண்டு. அக்காலத்து என்சிஎஸ்ஏ, அப்பாச்சி என்னும் இணையச் சேவையகங்களோடு மாதிரியாகச் சில நிரல்கள் வந்தன. அவற்றுள் 'பிஎச்எஃப்' என்பது பெயர் விவரக் கோவையில் ஒருவரைத் தேடிக் கொடுப்பது. படிவத்தில் எழுதியதை அது ஷெல்லிடம் விடுத்தது. ஆனால் அதற்குமுன் தீய குறிகள் ஒவ்வொன்றிற்கும் தடை இடும் ஒரு செயற்கூற்றின் வழியே செலுத்தியது. எழுதியவர் கவனமுள்ளவரே. ஆயினும் அவர் வகுத்த தீய குறிகளின் வரிசையில் வரிமுறிவு விடுபட்டது. வரி முறிந்தால் புதுக்கட்டளை தொடங்கிற்று என்பதே ஷெல்லின் இலக்கணம். அவ்வொரு விடுபாட்டின் வழியே நுழைந்தோர் பல சேவையகங்களின் கடவுச்சொற் கோப்பைப் படித்துச் சென்றனர். தீயனவற்றை எண்ணி விலக்குபவன் ஒன்றை மறந்தாலும் தோற்பான். ஆகவே எழுத்து, எண், அடிக்கோடு என ஏற்கத்தக்கவற்றை மட்டும் வகுத்துக்கொண்டு பிறவற்றையெல்லாம் மறுப்பதே தக்கது. ஷெல் இன்றியமையாததாயின், பைதானின் 'ஷெலெக்ஸ்' தொகுதியிலுள்ளது போன்ற மேற்கோளிடும் செயற்கூற்றைக் கொள்க. தாமே மேற்கோட்குறி இடத் துணியற்க.

இனி, பட்டியலாகக் கொடுத்தவுடன் எல்லாம் காப்பாயிற்று என்று இறுமாத்தலும் தவறு. ஒரு கோப்பின் பெயர் சிறுகோட்டில் தொடங்குமாயின், ஏவப்பட்ட நிரல் அதனைப் பெயராகக் கொள்ளாது, தனக்கிட்ட விருப்பக்குறியாகவே கொள்ளும். இதில் ஷெல்லுக்குப் பங்கில்லை. 2016 டிசம்பரில் 'பிஎச்பிமெய்லர்' என்னும் தொகுதியில் வெளிப்பட்ட குறை இவ்வினத்தது. அனுப்புவோர் முகவரி என்னும் இடத்தில் தந்திரமாக எழுதிய ஒன்று, 'சென்ட்மெய்ல்' நிரலுக்குக் கூடுதல் விருப்பக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்று தாக்குவோர் விரும்பிய இடத்தில் விரும்பிய கோப்பை எழுதச் செய்வது. ஷெல்லின் சிறப்புக் குறிகளுக்கு அங்கே காவல் இருந்தும் பயனில்லாது போயிற்று. விருப்பக்குறிகள் முடிந்தன என்று அறிவிக்கும் இரட்டைச் சிறுகோட்டைப் பெயருக்கு முன் இடுதல் பல நிரல்களில் இதனைத் தடுக்கும். அதனை அறியாத நிரல்களும் உண்டு. அவற்றிற்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் பெயர் சிறுகோட்டில் தொடங்காது.

ஏவும் நிரலின் பெயரையும் முழுப் பாதையோடு எழுதுதல் நலம். இல்லையேல், சூழல் மாறியாகிய 'பாத்' காட்டும் இடங்களில் முதலில் அகப்பட்டதே இயங்கும். சூழல் மாறிகளை எளிதாக எண்ணற்க. 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலாஸ் என்பார் 'பாஷ்' ஷெல்லில் கண்டறிந்த 'ஷெல்ஷாக்' என்னும் குறை, மாறியொன்றின் மதிப்பாக வந்த எழுத்தையே கட்டளையாக இயக்கிற்று. அது 1989 முதல் ஒருவர் கண்ணிலும் படாமல் உள்ளே கிடந்தது! ஆதலின் வேண்டிய சில மாறிகளை மட்டும் கொடுத்து ஏவுதல் நன்று. விண்டோஸில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே சொற்பட்டியலும் இறுதியில் ஒரே வாக்கியமாகத்தான் கோக்கப்படுகின்றது. தொகுப்புக் கோப்புக்களை ஏவுமிடத்து இதனால் நேரும் கேட்டை நீக்க, 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் திருத்தப் பதிப்பை வெளியிட நேர்ந்தது.

ஏவியபின் மறந்துவிடுதல் மற்றொரு பிழை. ஒவ்வொரு நிரலும் முடிவெண் ஒன்றைத் தந்து செல்லும். சுழியம் வெற்றியைக் குறிக்கும். பிற எண்கள் பெரும்பாலும் தோல்வி. கட்டளையையே காணவில்லை என்றால் ஷெல் தருவது 127. இவ்வெண்ணை நோக்காது அடுத்த வேலைக்குச் செல்லும் நிரல், கட்டு முடியாத மூட்டையை வண்டியில் ஏற்றுவோனைப் போன்றது. காலவரை ஒன்றும் விதித்தல் வேண்டும். அன்றேல் ஏவலாள் வாராதிருந்தால் தலைவனும் காத்தே கிடப்பான். இருவரும் ஒருவருக்கொருவர் காத்துக் கிடத்தலும் உண்டு. ஏவப்பட்டது எழுதுவன ஒரு குழாயில் நிரம்புகின்றன. லினக்ஸில் அக்குழாயின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட்டு. அது நிறைந்தால் எழுதுவது நிற்கும். ஏவியதோ, "முடியட்டும், பின்னர்ப் படிப்போம்" என்று இருக்கும். சிறு சோதனைகளில் இது தோன்றாது. வெளியீடு பெருகிய நாளில்தான் தலைகாட்டும். சப்பிராசஸின் 'கம்யூனிகேட்' என்னும் செயற்கூறு காத்திருக்கும்பொழுதே படித்துக் கொள்வதால் இத்தொல்லை இல்லை.

இத்துணையும் எழுதியபின் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் கடன். என் இரவு நிரலுக்கு ஆர்எம்மை ஏவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. கோப்புறையை நீக்கும் செயற்கூறு பைதானிலேயே உண்டு. யான் தேடிப் பார்த்ததில்லை. பின்னர் அந்நிரலை மாற்றியபோது ஏவுதலையே விட்டொழித்தேன். பட்டியலிலுள்ளவற்றை உடனே அழியாமல் தனியிடத்திற்கு நகர்த்தி 30 நாள் வைத்திருக்குமாறும், பிற பாடங்களின் கோப்புக்களைத் தொட உரிமையில்லாத ஒரு கணக்கின் கீழ் ஓடுமாறும் அமைத்தேன்.

செய்து பார்க்க விரும்பும் மாணாக்கர், தமக்கு வந்த சொற்களை வரிக்கு ஒன்றாக அடைப்புக்குறிக்குள் அச்சிடும் சிறு நிரலை முதலில் எழுதிக் கொள்க. பின்னர் ஒரு வெறுங் கோப்புறையில் இடைவெளியுள்ள பெயர், சிறுகோட்டில் தொடங்கும் பெயர், மேற்கோட்குறியுள்ள பெயர், வரிமுறிவுள்ள பெயர் ஆகியவற்றில் ஒவ்வொரு கோப்பு உண்டாக்கி, தம் நிரலை ஆர்எம்முக்குப் பதில் இவ்வச்சிடும் நிரலை ஏவச் செய்க. நான்கு கோப்புக்களுக்கு நான்கு வரிக்கு மேல் அச்சாகுமாயின், வரிமுறிவுள்ள பெயரால் மிகும் ஒரு வரியை மட்டும் கழித்துவிட்டு, எஞ்சியவை எங்கே பிரிந்தன என்று தேடத் தொடங்கலாம்.