கூற்று வேறுபாடும் வியாசப் பயிற்சியும்

நம் பாடசாலைகளில் மாணாக்கருக்கு விதிக்கப்படும் வியாசங்களுள் ‘பழைய குடை தன் வரலாறு கூறல்’, ‘ஒரு காசு தன் கதை கூறல்’ என்னும் வகையின பல. குடை பேசினும், காசு பேசினும், பனைமரம் பேசினும் பேசுகின்றவர் ஒருவரே. அவர் யாரெனின், கரும்பலகையருகே நிற்கும் உபாத்தியாயர். 30 பிள்ளைகள் எழுதினால் 30 குடைகளும் ‘நான் மக்களுக்குப் பல நன்மைகள் புரிகின்றேன்’ என்றே தொடங்கும். இது பிள்ளைகளின் குறையென்று யான் எண்ணியிருந்தேன். குறை கற்பித்தார் மேலது என்று அறிதற்கு நெடுங்காலஞ் சென்றது.

பல ஆண்டுகளுக்கு முன் கிணற்றுத் துலாவைக் குறித்து எழுதும்படி ஒரு வகுப்புக்கு விதித்தேன். ஒரு மாணாக்கன் துலாவைத் தன் பாட்டி பேசுமாறு பேச வைத்திருந்தான். ‘என்ரை முதுகிலை ஏறி மிதிச்ச காலெல்லாம் இப்ப எங்கை போட்டுது மோனை?’ என்று அது கேட்டது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்த காலம் போய் இயந்திரம் வந்த கதை முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தது. யானோ சிவப்பு மையினால் அதனை வெட்டி, ‘கொச்சை மொழி நீக்குக’ என்று ஓரத்தில் எழுதினேன். அப்பிள்ளை பின்னர் எழுதிய வியாசங்கள் யாவும் பிழையற்றன. அவற்றுள் ஒன்றேனும் இன்று என் நினைவில் இல்லை.

சொல்வோன் வேறு, எழுதுவோன் வேறு என்பதை யான் முதலிற் கற்றது மிஷன் கல்லூரியில் ஆங்கில நாவல்களைப் படித்த பொழுதிலாம். அஃது மேனாட்டார் கண்ட நெறியென்றே கருதியிருந்தேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இல் அச்சிட்டு உதவியவர் நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவரே. அந்நூலின் செய்யுளியல் எண்ணிய 34 உறுப்புக்களுள் கூற்று ஒன்று, கேட்போர் மற்றொன்று, முன்னம் வேறொன்று. இவ்விடத்தில் இம்மொழி இன்னார் இன்னாருக்குக் கூறியது எனப் படிப்போர் தாமே உணருமாறு அமைவது முன்னம். களவிற் கூற்றுக்குரியார் அறுவர். கற்பிலே அவரொடு பாணன், கூத்தன் முதலிய அறுவர் கூடிப் பன்னிருவர். தந்தைக்கும் தமையனுக்கும் அங்கே நேர்க்கூற்று இல்லை. அவர் சொல் பிறர் எடுத்துரைக்கும் வழியே வரும். இவ்விதி எனக்குப் பெருவியப்பைத் தருவது. தந்தையின் சினத்தை நேரே கேளாது தோழி வாயிலாகக் கேட்கும்பொழுது அச்சினம் மிகுந்தன்றோ தோன்றுகின்றது!

இலக்கணங் கூறினாற் பிள்ளைகளுக்கு உறக்கம் வரும். ஆதலின் அவர் மனனஞ் செய்துள்ள திருவாசகத்திலிருந்தே தொடங்குதல் நன்று. திருச்சாழலை எடுத்துக்கொள்க. 20 பாட்டு, ஒவ்வொன்றிலும் முன்னிரண்டடி ஒருத்தியின் வினா, பின்னிரண்டடி மற்றொருத்தியின் விடை. பேசுவோர் பெயர் எங்கும் இல்லை. யாப்பும் ஒன்றே. ஆயினும் இருவர் மொழியும் மயங்குவதில்லை. அஃது எங்ஙனமெனில், வினவுகின்றவள் கண்டதையே பேசுகின்றாள்: நீறு, பாம்பு, தைத்த கோவணம், சுடுகாடு. அவள் சொல்லிலே எள்ளல் உண்டு. விடை கூறுகின்றவள் அப்பொருளையே கையிலேற்று உள்ளே புகுகின்றாள். கோவணத்தை ஒருத்தி பழித்தால், நான்மறையே அதற்குச் சரடு என்கின்றாள். ஒருத்தி கண்ணாற் காண்பவள், ஒருத்தி அறிவாற் காண்பவள். குரல் வேறுபடுதற்குக் கொச்சையும் வேண்டுவதன்று, காண்கின்ற பொருள் வேறுபட்டாலே போதும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் யான் அறியேன். புத்தர் வினாவியவற்றுக்கு ஈழநாட்டரசனின் ஊமை மகள் வாய்திறந்து கூறிய விடைகளே சாழலாயின என்னும் வரலாற்றையும் வகுப்பிற் சொல்க. பேசாத பிள்ளை பேசிய கதை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இனிக்கும்.

அன்னைப்பத்து சிறிது அரிது. தலைவி ‘அன்னே’ என்று விளித்துக் கூறியதைப் பிறிதொருவர் கொண்டு கூறுகின்றார். ‘என்னும்’ என்ற முடிபே அதனைக் காட்டுவது. இவ்விருவர்க்கும் அப்பால் அடிகள் நிற்கின்றார். இதனை மேல்வகுப்புக்கு வைத்துக்கொள்க.

வசனத்துக்கு நாவலரவர்களே சான்று. 1852-இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தில் அடியார் சரிதத்துக்கு வழிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கின்றார். 1872-இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையிலோ வழக்குரைப்பவர்போல முன்வந்து நிற்கின்றார். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் வாசித்துக் காட்டினால் வேறுபாட்டைப் பிள்ளைகள் செவியே அறியும்.

இனிப் பயிற்சி. கோயிற் கேணிப் படியில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்ததென வைத்துக்கொள்க. அதனைத் தாய் அயலவளுக்குச் சொல்வதாகவும், மண்டபத்திலிருந்து பூக்கட்டும் முதியவர் ஐயருக்குச் சொல்வதாகவும், விழுந்த பிள்ளையே தோழனுக்குச் சொல்வதாகவும் மூன்று சிறு பந்திகள் எழுதுவிக்க. எழுதியோர் பெயரையும் சொல்வோர் பெயரையும் மறைத்து வகுப்பிலே வாசிக்க. இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று பிள்ளைகள் கண்டுபிடித்தால் முன்னம் அமைந்தது. கண்டிலராயின், சொற்களை மாற்றச் சொல்லாது, அவர் எதனைக் கண்டார், எதனைக் கண்டிலர் என்று வினாவுக. தாய் முதலிற் காண்பது குருதியை, முதியவர் காண்பது பாசியை, பிள்ளை காண்பது நனைந்த புதுச்சட்டையை.

திருத்தும்பொழுது எழுத்துப்பிழையைத் தயங்காது திருத்துக. ‘போட்டுது’ என்று கிழவி கூறினால் விட்டுவிடுக. அதே பந்தியிற் கதை சொல்லும் ஆசிரியன் கூறினால் ‘போயிற்று’ என்று திருத்துக.